நான்கு வருடம் ஓடினேன், ஒரு நாளைக்கூடக் குறித்து வைக்கவில்லை

மேற்படிப்பு உதவித்தொகைக்கான விண்ணப்பத்தில் மதிப்பெண் பட்டியல், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, 'வகுப்பறைக்கு வெளியே உங்கள் ஈடுபாடு' என்ற பகுதியைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். கல்லூரியில் நான் சும்மா இருந்த நாள் என்று ஒன்று கிடையாது, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து திறந்தால், வந்தது ஒரு அட்டவணை. செயல்பாட்டின் பெயர், உங்கள் பொறுப்பு, தொடங்கிய நாள், முடிந்த நாள், மொத்த மணி நேரம், இதை உறுதிசெய்யக்கூடியவரின் பெயர், அவர் மின்னஞ்சல், ஆதாரம், கடைசியாக 'இதனால் உங்களிடம் ஏற்பட்ட மாற்றம்'. முதல் வரிசையில் 'நாடகக் குழு' என்று அடித்தேன். தொடங்கிய நாள்? முதல் வருடம்தான், ஆனால் முதல் செமஸ்டரா இரண்டாவதா? அங்கேயே நின்றுவிட்டேன். கடைசித் தேதிக்கு 19 நாள் இருந்தது. அந்த 19 நாளும், மூன்று நாள் சம்பளமும், அதற்கு மேல் ஒரு முட்டாள்தனமான செலவும் அந்த ஒரே அட்டவணைக்குப் போயின. யாராவது முதல் வருடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் என் கையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். அலமாரியில் ஒரு ஃபைல், அதில் ஏழு சான்றிதழ்கள். ஆறில் 'கலந்துகொண்டார்' என்ற ஒரே வரி. ஏழாவதில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. ஒரு நாள் கருத்தரங்கில் பின் வரிசையில் உட்கார்ந்து தூங்கி வழிந்ததற்குப் பளபளப்பான சான்றிதழ் இருக்கிறது. இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. நாடகக் குழுவில் விளக்குப் பொறுப்பு, ஆண்டு விழாவுக்குப் பொருளாளர், பார்வையற்ற சக மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக்கொடுத்தது, விடுதிக் குழு என்று நான் உழைத்ததாக நினைத்த இடங்களில் எல்லாம் காகிதம் இல்லை. யோசித்தால் இது இயல்புதான். சான்றிதழ் என்பது ஒரு நிகழ்ச்சியை நடத்தியவர்கள், அதற்கு வந்தவர்களுக்குக் கொடுப்பது. நீங்களே நடத்துபவராக இருந்தால் உங்களுக்கு யார் கொடுப்பார்கள்? மற்றவர்களுக்குச் சான்றிதழ் அச்சடித்து, பெயர் எழுதி, கையெழுத்து வாங்கியவள் நான். எனக்கு ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை.

சரி, காகிதம் இல்லாவிட்டால் என்ன, எல்லாம் டிரைவில் இருக்கிறதே என்று நினைத்தேன். சனிக்கிழமை வகுப்புக்கு யார் வந்தார்கள், என்ன பாடம் எடுத்தோம் என்ற வருகைத் தாள், விழாவின் வரவு செலவுக் கணக்கு, கூட்டக் குறிப்புகள், எல்லாமே என் கல்லூரி மெயில் கணக்கில்தான் இருந்தன. உள்ளே நுழையப் பார்த்தால், அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. படிப்பு முடிந்து சில மாதங்களில் பழைய மாணவர்களின் கணக்குகளை மூடிவிடுவார்களாம். அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கல்லூரி மெயிலுக்கே அனுப்பியிருக்கிறார்கள். அன்று இரவு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கல்லூரி கொடுத்த கணக்கில் நீங்கள் உருவாக்கிய கோப்பு அந்தக் கணக்கோடு கட்டப்பட்டது. உங்கள் சொந்த மெயிலுக்கு அதைப் பகிர்ந்து வைத்திருப்பது போதாது. உரிமை கல்லூரிக் கணக்கிடம் இருக்கும்வரை, அந்தக் கணக்கு போனால் கோப்பும் போகும். அதனால் இறுதியாண்டுத் தேர்வுக்கு முன்பே ஒரு நாள் ஒதுக்கி, முக்கியமானவற்றைப் பிரதி எடுத்துச் சொந்தக் கணக்கில் வையுங்கள், பிடிஎஃப் ஆகவும் இறக்கி வையுங்கள். கூகுள் கணக்காக இருந்தால், கல்வி நிறுவனக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு மெயிலையும் டிரைவையும் நகலெடுக்கும் வசதி உண்டு. நிர்வாகம் அதை அனுமதித்திருக்க வேண்டும், முடியச் சில நாள் பிடிக்கும். கடைசி நாளில் ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். இறக்கி வைத்ததை இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு முறை திறந்தும் பாருங்கள். என் தோழி ஒருத்தி பத்திரமாக இறக்கி வைத்திருந்தது வெறும் இணைப்புகளை மட்டும்.

படங்களாவது இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் தேடினேன். இரண்டு வருடம் முன்பு போன் மாற்றியபோது பழைய உரையாடல்கள் போய்விட்டன. நண்பர்களிடம் கேட்டு வாங்கியதில் இருபது முப்பது படம் தேறியது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போவதோடு, அது எடுக்கப்பட்ட நாள், நேரம் போன்ற உள்விவரங்களும் கழன்றுவிடும். ஆவணமாக அனுப்பினால்தான் அவை தங்கும். விளைவு, எந்தப் படம் எந்த வருடத்தது என்று சட்டையையும் தலைமுடியையும் வைத்து நாங்கள் சண்டை போட்டோம். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கிடைத்த படங்களில் நன்றாக இருந்தவை எல்லாம் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்கள். அவர்கள் பெற்றோரிடம் நாங்கள் எதற்கும் அனுமதி வாங்கியதில்லை. யாரோ முன்பின் தெரியாத தேர்வுக்குழுவுக்கு அந்தப் பிள்ளைகளின் முகத்தை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கரும்பலகை, பிள்ளைகளின் முதுகு, நாங்கள் தயாரித்த பயிற்சித் தாள், இப்படி நாலு படம் எடுத்திருந்தால் அதுவே போதுமாக இருந்திருக்கும்.

அடுத்து மணி நேரக் கணக்கு. இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை வகுப்பு எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் "ஒரு இருநூறு மணி நேரம் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே கிடையாது, அப்படித்தான் நம்பினேன். நல்லவேளையாக என் கூட வகுப்பு எடுத்தவன் குழு உரையாடலை ஒரு முறை ஏற்றுமதி செய்து வைத்திருந்தான். அதில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் 'வந்துட்டேன், சாவி யார்கிட்ட?' என்று கேட்டிருக்கிறேன். அந்த வரியை மட்டும் தேடி எண்ணினேன். 43. நாளுக்கு இரண்டு மணி நேரம். ஆக 86. தேர்வு, விடுமுறை, காய்ச்சல், சோம்பல் என்று போன சனிக்கிழமைகளை எல்லாம் என் நினைவு அழகாக விழுங்கிவிட்டிருந்தது. 86 என்று எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வந்து எண்ணப்போகிறார்கள், 150 என்று போட்டால்தான் என்ன என்று தோன்றியது. அழித்து 150 என்றும் போட்டேன். பிறகு அந்த உரையாடலைத் தேடிக் கொடுத்தவனின் பெயரைத்தான் உறுதிசெய்பவராகக் கொடுக்க வேண்டியிருந்தது, அவனுக்கு 43 என்பது தெரியும். 86 என்று திருத்தியதற்கு என் நேர்மை பாதிக் காரணம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரத்தில்தான் உயர்கல்வித் துறையில் இதைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். அலெக்சாண்டர் ஆஸ்டின் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1984இல் மாணவர் ஈடுபாடு பற்றி ஒரு கோட்பாடு எழுதினார். கல்லூரி வாழ்க்கைக்கு மாணவர் செலுத்தும் உடல் உழைப்பும் மன உழைப்பும் சேர்ந்ததே ஈடுபாடு என்பார். அதற்கு அளவும் உண்டு, தரமும் உண்டு. எத்தனை மணி நேரம் படித்தாய் என்பது அளவு. புத்தகத்தைப் புரிந்து படித்தாயா, அதை வெறித்துக்கொண்டு பகல் கனவு கண்டாயா என்பது தரம். அதைப் படித்ததும் 86 என்ற எண் கொஞ்சம் சின்னதாகத் தெரிவது நின்றது. ஆனால் புது உதறல் ஒன்று பிடித்தது. அளவையாவது உரையாடலை எண்ணிக் கண்டுபிடித்துவிட்டேன், தரத்தை எங்கே போய் எண்ணுவது?

அதற்கு முன் உறுதிக் கடிதக் கதை. நாடகக் குழுப் பொறுப்பாசிரியர் வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தார். மெயிலுக்குப் பதில் இல்லை. விடுதிப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். விழாவுக்குப் பொறுப்பாக இருந்த மேடம் மட்டும் அதே இடத்தில் இருந்தார். அலுவலகம் நேரில் வரச் சொன்னதால் விடுப்பு எடுத்துப் போனேன். வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகாததால் சம்பளம் இல்லாத விடுப்பு. முதல் நாள் மேடம் தேர்வுப் பணியில் இருந்தார். மறுநாள் பார்த்தபோது, "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் உட்கார்ந்து, 'பொறுப்புணர்வு மிக்கவர், கடின உழைப்பாளி' என்று என்னை நானே புகழ்ந்து ஒரு பக்கம் எழுதினேன். முத்திரை அறையைப் பூட்டிவிட்டார்கள் என்று மூன்றாவது நாளும் போயிற்று. திரும்பும் வழியில் அந்தக் கடிதத்தைப் படித்தால், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்படி இருந்தது. நான் எவ்வளவு பணத்துக்குக் கணக்கு வைத்தேன், எத்தனை பேர் கொண்ட குழு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, ஒன்றும் அதில் இல்லை.

இப்போது கேட்டால் வேறு மாதிரி செய்வேன். ஒரு பொறுப்பு முடிந்த அதே வாரத்தில், பொறுப்பாசிரியருக்கு நாலு வரி மெயில். 'சார், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்தப் பொறுப்பில் இருந்தேன், வாரத்துக்கு சுமார் இத்தனை மணி நேரம், நான் செய்தது இது இது. சரிதானா என்று ஒரு வரி பதில் போடுங்கள். பின்னால் யாராவது கேட்டால் உங்கள் பெயரையும் சொந்த மெயிலையும் கொடுக்கலாமா?' அவ்வளவுதான். 'ஆமாம், சரி' என்று வரும் ஒரு வரி, நான் மூன்று நாள் அலைந்து வாங்கிய முத்திரைக் கடிதத்தைவிட மேல். சொந்த மெயில் என்று கேட்பது முக்கியம், ஏனென்றால் அவர்களும் நிறுவனம் மாறுவார்கள். இந்த மாதிரி விவரம் கேட்பது அபூர்வமும் கிடையாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஏம்காஸில் 15 செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் தேதி, மணி நேரம், தொடர்புகொள்ளக்கூடிய நபர் என்று கேட்பார்கள். அதில் மூன்றை மட்டும் மிக முக்கியமானவை என்று குறித்துக் கூடுதலாக எழுத விடுவார்கள். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் பட்டத்தோடு கொடுக்கும் ஹியர் என்ற விரிவான அறிக்கையில், நிறுவனமே சரிபார்த்த வெளிச் செயல்பாடுகளுக்கு என்றே 6.1 என்று ஒரு பிரிவு உண்டு. உங்கள் கல்லூரியில் இப்படி ஏதாவது பதிவு முறை இருக்கிறதா என்று முதல் வருடமே விசாரியுங்கள். இருந்தும் யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கள் கல்லூரியில் இருந்ததா என்று நான் கேட்டதே இல்லை.

இனி அந்த முட்டாள்தனமான செலவு. ஒன்பது நாள் மீதி இருக்கும்போது பயம் பிடித்துக்கொண்டது. விண்ணப்பங்களை 'மெருகேற்றித் தரும்' ஒருவரைத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்தேன். முன்பணம் என்று அவர் வாங்கியது என் அரை மாதச் சம்பளம். நான்கு நாள் கழித்து வந்தது வண்ண வண்ணமாக ஆறு பக்கம். அதில் நான் பிறவித் தலைவி. கூட்டு முயற்சி, தலைமைப் பண்பு, தகவல் தொடர்புத் திறன் மூன்றும் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. என் விடுதி அறைத் தோழியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "உன்னை எனக்கு நாலு வருஷமாத் தெரியும். இவ யாருடி?" என்றாள். பணம் திரும்பி வரவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவரிடம் நான் கொடுத்தது ஏழு சான்றிதழ், அதை வைத்துக்கொண்டு அவர் வேறு என்னதான் எழுதுவார்?

கடைசியில் வழி காட்டியது ஒரு பழைய நோட்டு. நாடகக் குழுவில் விளக்குப் பொறுப்பில் இருந்தபோது, எந்த வசனத்தில் எந்த விளக்கை ஏற்ற வேண்டும், எதை அணைக்க வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்த நோட்டு. வீட்டில் பழைய பாடப் புத்தகங்களோடு கட்டிப் போட்டிருந்தார்கள். ஓரங்களில் பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கிறேன். 'மூன்றாம் காட்சி, இருட்டு 4 நொடி தாமதம். அவள் மேடையில் தடுமாறினாள். என் தப்பு.' அடுத்த பக்கத்தில், அடுத்த நிகழ்ச்சிக்கு: 'வசனத்தைக் கேட்டு அணைக்காதே. அவள் கை இறங்கும்போது அணை.' அதற்கும் அடுத்து: 'புதுப் பையனுக்கு ஒத்திகையில் மூன்று முறை இதையே செய்யச் சொன்னேன், சரியாக வந்தது.' யாருக்கும் காட்ட எழுதியதில்லை அது. ஆனால் 'உங்களிடம் ஏற்பட்ட மாற்றம்' என்ற கட்டத்துக்கு என்னிடம் இருந்த ஒரே நேர்மையான பதில் அந்த மூன்று கிறுக்கல்தான். என்ன தப்பு நடந்தது, அடுத்த முறை எதை மாற்றினேன், அதை இன்னொருவருக்கு எப்படிக் கொடுத்தேன். கிரஹாம் கிப்ஸ் 1988இல் எழுதிய பிரதிபலிப்புச் சுழற்சி என்று ஒன்று உண்டு. நடந்தது என்ன, அப்போது என்ன உணர்ந்தாய், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி ஆயிற்று, அதிலிருந்து என்ன தெரிந்தது, மறுபடி வந்தால் என்ன செய்வாய் என்று ஆறு படிகள். செவிலியர், ஆசிரியர் பயிற்சிகளில் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஆறையும் ஒவ்வொரு முறையும் எழுத யாருக்கும் பொறுமை இருக்காது. எனக்கு இல்லை. முதலும் கடைசியும் எழுதினாலே நடுவில் இருப்பவை பின்னால் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் பொருளாளர் வேலையில் நடந்ததை எழுதும் தைரியம் வந்தது. அதுவரை அதை மறைக்கவே பார்த்தேன். விழா முடிந்து மூன்று மாதம் கழித்துத் தணிக்கைக்கு ரசீதுகளை எடுத்தால், பாதி வெள்ளைத் தாளாக இருந்தன. கடைகளில் இயந்திரத்தில் வரும் வழவழப்பான ரசீது வெப்பத்தால் எழுத்து விழும் தாள், சூடும் வெளிச்சமும் பட்டால் மங்கிவிடும். நான் பாதுகாப்பு என்று நினைத்துப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தேன். சில வகைப் பிளாஸ்டிக் பட்டாலே அந்த எழுத்து இன்னும் சீக்கிரம் போகுமாம். கணக்கில் துண்டு விழுந்த தொகையை என் கைப்பணத்தில் போட்டுச் சரிக்கட்டினேன், யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடப் பொருளாளரிடம் ஒப்படைக்கும்போது, ரசீது கிடைத்த இரவே படம் எடுத்து, தேதியும் தொகையும் பெயராக வைத்துச் சேமிக்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக் கொடுத்தேன். விண்ணப்பத்தில் இதை அப்படியே எழுதினேன். சொந்தப் பணத்தைப் போட்டது சரியில்லை, அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

பதினொன்று என்று ஆரம்பித்த பட்டியல் நான்கில் வந்து நின்றது. விடுதிக் குழுவை எடுத்துவிட்டேன், அங்கே நான் கூட்டத்துக்குப் போய்த் தலையாட்டியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. தேர்வு எழுதிக்கொடுத்ததற்குத் தேதி கிடைத்தது, தேர்வு அட்டவணை புண்ணியத்தில். கடைசி நாள் இரவு, நேரம் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது அனுப்பினேன். அந்த வருடம் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள், இடம் வரவில்லை. அடுத்த வருடம் அதே நான்கு வரிசையோடு வேறொன்றுக்கு விண்ணப்பித்து நேர்காணல் வரை போனேன். மூன்றாம் காட்சியில் அந்த 4 நொடி பற்றித்தான் கால் மணி நேரம் கேட்டார்கள். சான்றிதழ்கள் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

என்னைக் கேட்கும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு தாள் போதும் என்கிறேன். சொந்தக் கணக்கில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள், பத்து நிமிடம். தேதி, எங்கே, எத்தனை மணி நேரம், நான் செய்தது என்ன, கூட இருந்தவர் யார், தப்பானது அல்லது புதிதாகத் தெரிந்தது என்ன. கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். மற்றவற்றை எங்கிருந்தாவது தோண்டி எடுத்துவிடலாம், அதை முடியாது. பதிவுக்காகவே வேலை செய்யும் ஆளாகவும் ஆகிவிடாதீர்கள். படம் எடுத்து முடிந்ததும் கிளம்பிப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், வருடக் கடைசியில் உங்கள் குழுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து வரி எழுதிக் கொடுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்கத் தெரியாது.

சனிக்கிழமை வகுப்பை இப்போது நடத்தும் தங்கை ஒருத்தி போன மாதம் அவள் தாளை எனக்கு அனுப்பி, "அக்கா, இது சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள். முதல் வரிசையில் இப்படி இருந்தது: 'மழை. பிள்ளைகள் யாரும் வரவில்லை. 0 மணி நேரம். மழை நாளில் யார் வீட்டுக்குப் போன் செய்வது என்று எங்களிடம் எண்களே இல்லை. அடுத்த வாரம் வாங்க வேண்டும்.' இரண்டாவது வரிசையில் பதினான்கு எண்கள் வாங்கியாயிற்று என்று இருந்தது.